பாங்காக் பழைய நகரம்: அரண்மனையும் புத்தர் கோயில்களும் ஒரே நாளில் (வாசகர் கேள்வி-பதில்)

பாங்காக் அரண்மனை, பள்ளிகொண்ட புத்தர் இருக்கும் வாட் போ, அதற்கு எதிர்க்கரையில் உள்ள வாட் அருண் கோயில் ஆகியவை பற்றியும் அவற்றை ஒட்டியும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டணங்கள் வெளிநாட்டவருக்கானவை, தாய்லாந்து பாட் கணக்கில். அண்மை ஆண்டுகளில் இவை ஏறிக்கொண்டே வருவதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: எங்கள் டூர் நிறுவனம் காலை 9 மணிக்கு ஏற்றி மதியம் 1 மணிக்கு இறக்கிவிடும் 'சிட்டி டூர்' தருகிறது. அரண்மனை, பள்ளிகொண்ட புத்தர், தங்கப் புத்தர், பளிங்குக் கோயில், ஜெம்ஸ் கேலரி எல்லாம் அதில் உண்டாம். இது முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: முடியும். எதையும் பார்க்காமல் முடியும். அந்தப் பட்டியலில் நேரம் குறையாத இடம் ரத்தின நகைக் கடையான ஜெம்ஸ் கேலரி ஒன்றுதான்; மற்ற நான்கையும் சுருக்கித்தான் அதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருப்பார்கள். அரண்மனைக்கு மட்டுமே இரண்டரை மணி நேரம் வேண்டும். ஒரே நாள்தான் என்றால் அரண்மனை, வாட் போ, வாட் அருண் ஆகிய மூன்றோடு நிறுத்துங்கள். மூன்றும் ஆற்றின் இரு கரைகளில் எதிரும் புதிருமாக இருப்பதால், காலையில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் மாலை வரை வண்டியே தேவையில்லை.

பி.டி.எஸ். ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சதோர்ன் படகுத்துறை. அங்கே சாவோ பிரயா எக்ஸ்பிரஸ் படகுகளில் ஆரஞ்சுக் கொடி கட்டியதில் ஏறுங்கள். கட்டணம் 16 பாட் அளவில்தான். 'டூரிஸ்ட் போட்' என்று கூவி விற்பது நீலக் கொடிப் படகு. நாள் முழுக்க ஏறி இறங்கும் பாஸ் அது. மூன்று இடத்துக்கு அது வேண்டாம். அரண்மனைக்கு இறங்க வேண்டிய துறை தா சாங்.

அரண்மனை 8.30-க்குத் திறக்கும். 8.15-க்கே நா ப்ரா லான் சாலையில் உள்ள வாசலில் நில்லுங்கள். பேருந்துக் கூட்டம் 9.30 வாக்கில் வந்து இறங்கும். அதற்குள் மரகத புத்தர் சந்நிதியைப் பார்த்து முடித்திருக்க வேண்டும். அதனால் உள்ளே போனதும் பொன் கோபுரத்தின் முன்னால் படமெடுக்க நிற்காமல் நேராகச் சந்நிதிக்குப் போய்விடுங்கள். கோபுரம் எங்கும் போய்விடாது. பிறகு மேல்தளம், ராமாயணச் சுவரோவியச் சுற்று, அதன் பின் அரண்மனைக் கட்டடங்கள். கடைசியாக, அதே டிக்கெட்டில் அடங்கும் அரசி சிரிகித் துணி அருங்காட்சியகம். ஏ.சி. உள்ள இடம் அது. 11 மணி வெயிலுக்கு அதுவே நிழல்.

வாட் போ அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. தா தியன் துறை அருகே சாப்பிட்டுவிட்டு 1 மணிக்கு உள்ளே போனால் 2.30 வரை போதும். தா தியனிலிருந்தே அக்கரைக்குப் படகு, 5 பாட். வாட் அருணில் ஒரு மணி நேரம். வெயில் சாயும் முன் இக்கரைக்குத் திரும்பிவிடுங்கள். சூரியன் வாட் அருணுக்குப் பின்னால் மறைகிறது. கோயிலுக்குள் நிற்பவருக்கு அந்தக் காட்சி கிடைக்காது.

நுழைவுக் கட்டணம் அரண்மனை 500, வாட் போ 300, வாட் அருண் 200. ஆளுக்கு 1,000 பாட். அரண்மனையிலும் வாட் போவிலும் 120 செ.மீ.க்குக் குறைந்த உயரமுள்ள குழந்தைகளுக்கு இலவசம்.

தங்கப் புத்தர் இருக்கும் வாட் டிரைமிட் சைனாடவுன் பக்கம். ஐந்தரை டன் எடையுள்ள அந்தச் சிலை, சுதைப் பூச்சுக்குள் ஒளிந்திருந்து 1955-ல் இடம் மாற்றும்போதுதான் வெளிப்பட்டது. இன்னொரு காலை கிடைத்தால் தனியாகப் போங்கள்.

கேள்வி: சென்னையிலிருந்து டூர் மேனேஜர் கூடவே வருகிறார். அவரே தமிழில் விளக்கிவிட மாட்டாரா? தனியாக கைடு வைக்க வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: தாய்லாந்தில் சுற்றுலா வழிகாட்டி வேலை தாய் நாட்டவருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. உரிமம் பெற்றவர் அதைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். உங்கள் டூர் மேனேஜர் அரண்மனைக்குள் குழுவை நிறுத்தி வைத்து விளக்கம் சொன்னால் அது சட்டப்படி குற்றம். அதனால்தான் பல தமிழ்க் குழுக்களில் தாய் வழிகாட்டி முன்னால் நடக்க, மேனேஜர் பின்னால் மெல்லிய குரலில் மொழிபெயர்த்துக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். பேருந்துக்குள்ளேயே தமிழில் சொல்லி முடிக்கச் சொல்லுங்கள். உள்ளே தாய் வழிகாட்டியிடம் கேள்வி மட்டும் கேளுங்கள்.

கைடு தேவையா என்றால், அரண்மனைக்குத் தேவை, மற்ற இரண்டுக்கும் இல்லை. அரண்மனை வளாகத்தில் எது கோயில், எது கொலுமண்டபம், எது அரசர் இறந்தபின் உடலை வைக்கும் இடம் என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் எல்லாமே தங்கக் கூரையாகத்தான் தெரியும். முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். உரிமம் உண்டா? நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேர்ந்ததா? வழியில் கடைக்கு அழைத்துப் போவீர்களா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அரண்மனையை முதலாம் ராமர் (இன்றைய தாய் அரச மரபின் முதல் அரசர்) 1782-ல் கட்டத் தொடங்கினார். அதுவரை தலைநகர் எதிர்க்கரையில், தொன்புரியில். நல்ல வழிகாட்டி சக்ரி மகா பிரசாத் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார். 1876-க்கும் 1882-க்கும் இடையே ஐந்தாம் ராமர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டியது அது. உடல் ஐரோப்பிய மாளிகை, தலையில் மட்டும் தாய்லாந்துக் கூரை. 'வெள்ளைக்காரன் தாய் கிரீடம் வைத்துக்கொண்ட மாதிரி' என்று உள்ளூர்க்காரர்களே கேலி செய்வதுண்டு. பக்கத்தில் உள்ள துசித் மகா பிரசாத் 1789-ல் முந்தைய மண்டபம் தீயில் அழிந்தபின் எழுந்தது. அரச குடும்பத்தார் மறைந்தால் உடலை வைப்பது அங்கேதான். அரச சடங்கு நடக்கும் நாட்களில் சில பகுதிகளையோ முழு வளாகத்தையோ மூடுவார்கள். அந்தத் தேதிகளை அரண்மனையின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரண்மனை வாசலில் டுக்டுக்காரர் "இன்று மூடல், வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால்? (வாசகர், திருச்சி)

பதில்: மூடல் இல்லை. 20 பாட்டுக்கு மூன்று கோயில் காட்டுவதாகச் சொல்லிக் கூட்டிப்போய், கடைசியில் நகைக்கடையிலோ தையல் கடையிலோ இறக்கிவிடும் பழைய வித்தை அது. நல்ல உடையில், நல்ல ஆங்கிலத்தில் பேசும் ஒருவர் நடைபாதையில் வந்து சொல்வதும் இதே வகைதான். பதில் பேசாமல் டிக்கெட் கவுன்டர் வரை நடந்துவிடுங்கள். சிக்கல் வந்தால் சுற்றுலாப் போலீஸ் எண் 1155.

கேள்வி: உடைக் கட்டுப்பாடு கடுமை என்கிறார்கள். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் சரிதானா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், உடல் தெரியும் மெல்லிய துணி கூடாது, கிழிசல் ஜீன்ஸ் கூடாது. சேலைக்கும் சுடிதாருக்கும் தடை இல்லை. ஆனால் கையில்லாத ரவிக்கைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு போனால் அரண்மனைக் காவலர் திருப்பி அனுப்புவார். சட்டைக்கே கை இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. வேட்டி கட்டுபவர் மடித்துக் கட்டாமல் இருந்தால் போதும். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அரை டிரவுசர் ஆண்களும் லெக்கிங்ஸ் மட்டும் அணிந்த பெண்களும். சாலைக்கு எதிரே யானைப் படம் போட்ட தொளதொள பேன்ட் விற்பது இவர்களுக்காகத்தான். அங்கே வாங்கினால் விலை ஏறும், வரிசையும் போய்விடும்.

செருப்பை எளிதில் கழற்றும் வகையில் போடுங்கள். சந்நிதிக்குள் தொப்பியும் கூலிங்கிளாஸும் வேண்டாம். நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள். உட்காரும்போது கால்களைப் பின்பக்கம் மடித்துக்கொள்ளுங்கள். பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது. சம்மணமிட்டே பழகிய நமக்கு நம்மையறியாமல் கால் நீளுவது பத்தாவது நிமிடத்தில்தான். பெண்கள் துறவிகளைத் தொடவோ, நேரடியாகக் கையில் எதையும் கொடுக்கவோ கூடாது. அரச குடும்பத்தைப் பற்றிய கேலிப் பேச்சு வேண்டவே வேண்டாம். தண்டனைச் சட்டத்தின் 112-வது பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பக்கம் உத்திரகோசமங்கையில் மரகத நடராசர் ஆண்டு முழுக்கச் சந்தனக் காப்பில் இருக்கிறார். பாங்காக் மரகத புத்தருக்கும் அப்படி ஏதாவது உண்டா? அது உண்மையான மரகதமா? (வாசகர், ராமநாதபுரம்)

பதில்: மரகதம் இல்லை. ஜேட் வகையைச் சேர்ந்த பச்சைக் கல், ஒரே கல்லில் செதுக்கியது. உயரம் 66 செ.மீ. மட்டுமே. உயரமான பொன் பீடத்தின் உச்சியில் இருப்பதால் முதலில் பார்ப்பவர்கள் 'இவ்வளவு சின்னதா' என்றுதான் கேட்பார்கள். சின்ன பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது, காவலர் கண்டிப்பானவர்.

காப்பு என்றால், மூன்று பருவத்துக்கு மூன்று அலங்காரம். கோடையில் கிரீடமும் அணிகலன்களும், மழைக்காலத்தில் வலது தோள் திறந்த துறவி ஆடை, குளிர்காலத்தில் பொன்மணி வலைப் போர்வை. கோடை, மழை உடைகளை முதலாம் ராமரும் குளிர்கால உடையை மூன்றாம் ராமரும் செய்வித்தார்கள். மாற்றுவது பூசாரி இல்லை, அரசர். தாய் சந்திர நாட்காட்டியின் 4, 8, 12-ம் மாதங்களில் தேய்பிறை முதல் நாளில் அந்தச் சடங்கு நடக்கும். அதாவது ஏறக்குறைய மார்ச், ஜூலை, நவம்பர்.

சிலையின் பயணம்தான் சுவையானது. 1434-ல் வடக்கே சியாங் ராயில் ஒரு ஸ்தூபி மீது இடி விழுந்தபோது சுதைபூசிய சிலை ஒன்று வெளிப்பட்டது. மூக்கில் பூச்சு உதிர, உள்ளே பச்சை தெரிந்தது என்பது மரபுக் கதை. லாம்பாங், சியாங் மாய் என்று சுற்றி, லாவோ அரசரோடு லுவாங் பிரபாங்குக்கும் வியன்டியானுக்கும் போனது. இருநூறு ஆண்டுக்கு மேல் அங்கே இருந்ததை, பின்னாளில் முதலாம் ராமர் ஆன தளபதி வியன்டியானை வென்று தொன்புரிக்குக் கொண்டுவந்தார். அப்போது சில ஆண்டுகள் வாட் அருணில் இருந்து, 1784 மார்ச்சில் ஆற்றைத் தாண்டி இப்போதைய இடத்துக்கு வந்தது. நீங்கள் மாலையில் 5 பாட் கொடுத்துக் கடப்பதும் அந்த ஆறுதான். இந்த வாட் ப்ரா கேவ் அரண்மனைக் கோயில். துறவிகள் யாரும் இங்கே தங்குவதில்லை.

கேள்வி: அங்குள்ள ராமாயண ஓவியங்கள் நம் கதையோடு ஒத்துப்போகுமா? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? (ஆசிரியை, மதுரை)

பதில்: கோயிலைச் சுற்றிய திண்ணை மண்டபத்தில் 178 பகுதிகளாகத் தாய் ராமாயணமான ராமகியென் ஓடுகிறது. வடக்குப் பக்க நடுவில் தொடங்கி வலமாகப் போக வேண்டும். கும்பல் நுழையும் இடத்தில் நின்று பார்த்தால் கதையின் நடுவில் விழுவீர்கள். பலரும் 'புரியவில்லை' என்று விலகுவதற்குக் காரணம் அதுதான்.

ஆட்களை நிறத்தால் அடையாளம் காணலாம். ராமர் பச்சை, இலக்குவன் பொன்னிறம், அனுமன் வெள்ளை. இராவணனுக்கு அங்கே தோட்சகன் என்று பெயர், அவனும் பச்சை. பத்துத் தலையைக் கிரீடம்போல் அடுக்கியிருப்பதால் ராமரோடு குழம்ப வாய்ப்பில்லை. வீடணன் பிபேக். கதையில் மூன்று இடங்களில் நமக்குத் தூக்கிவாரிப்போடும். சீதை தோட்சகனின் மகள். தீய சகுனத்துக்கு அஞ்சி ஆற்றில் விடப்பட்டவள். அனுமன் பிரம்மச்சாரி இல்லை. சேது கட்டும்போது கற்களைக் களவாடும் மீன்கன்னி சுபன்னமச்சா தோட்சகனின் இன்னொரு மகள். அவளோடு அனுமனுக்குக் காதல், பிள்ளையும் பிறக்கிறது. கம்பரை மனதில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள். முதலாம் ராமர் காலத்தில் 1797-ல் தொகுத்து எழுதிய அரசவைப் பாடத்தின் கதை இது.

சுவரில் ஈரம் ஏறி வண்ணம் உரிவதால் இந்த ஓவியங்களைப் பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். 1932-லும் 1982-லும் நடந்தவை பெரிய பணிகள். எனவே நீங்கள் பார்ப்பது 18-ம் நூற்றாண்டுத் தூரிகை இல்லை. பள்ளிப் பிள்ளைகளோடு போனால் முழுச் சுற்றும் வேண்டாம். போர்க்களப் பகுதிகளில் கதைக்குச் சம்பந்தமில்லாத ஊர்மக்களைத் தேடச் சொல்லுங்கள்.

கேள்வி: வாட் போ பள்ளிகொண்ட புத்தரை ஒரே படத்தில் எடுக்க முடியவில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். (வாசகர், புதுச்சேரி)

பதில்: சிலை 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபம் சிலையைவிடக் கொஞ்சம்தான் பெரிது, நடுவே தூண்கள் வேறு. பக்கவாட்டில் நின்று முயல வேண்டாம். கால்மாட்டுக்குப் போய், அங்கிருந்து சாய்கோணத்தில் முகம் வரை எடுங்கள். உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்களையும் அங்கேயே பார்க்கலாம். திரும்பும் பக்கம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். காணிக்கைக்கு அங்கேயே 20 பாட்டுக்குச் சில்லறை தருவார்கள்.

பெரும்பாலான குழுக்கள் இதோடு வெளியேறிவிடும். அது பெரிய தவறு, 300 பாட்டில் பாதி வீண். முற்றத்தில் நான்கு பெரிய ஸ்தூபிகள் முதல் நான்கு அரசர்களுடையவை. பச்சை ஓடு பதித்தது முதலாம் ராமருடையது. பழைய தலைநகரான அயுத்தயாவில் பர்மியர் எரித்த நின்ற கோலப் புத்தரின் எச்சம் அதற்குள் இருக்கிறது. மூன்றாம் ராமர் காலத்தில் மருத்துவம், வர்மப் புள்ளிகள், யாப்பு என்று கல்லில் வெட்டிவைத்த கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. தாய் மசாஜ் செய்துகொள்வதென்றால் கோயில் வளாகத்துக்குள் உள்ள பள்ளியில் செய்துகொள்ளுங்கள். மதியம் காத்திருக்க வேண்டிவரும். உள்ளே வந்ததும் பெயர் கொடுத்துவிட்டுச் சுற்றப் போங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 70 வயது, மூட்டுவலி. சமாளிப்பாரா? (வாசகி, சென்னை)

பதில்: மூன்று இடம் வேண்டாம், இரண்டு போதும். எம்.ஆர்.டி. ரயிலில் சனம் சாய் நிலையம் வரை வாருங்கள். மின்தூக்கி உண்டு, வாட் போ நடை தூரம். அரண்மனையில் மேல்தளத்துக்கும் சந்நிதிக்கும் படி ஏற வேண்டும், சந்நிதிக்குள் தரையில்தான் உட்கார வேண்டும். ஏற முடியாவிட்டால் வாசலுக்கு நேர் எதிரே மலர் வைத்து வணங்கும் இடத்திலிருந்து புத்தரைத் தரிசிக்கலாம். வளாகத்தில் நிழல் குறைவு, தரை சூடு. மார்ச் முதல் மே வரை இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நல்லது. மிதவைத் துறையும் படகும் ஆடும் என்பதால் வாட் அருணைத் தா தியன் கரையிலிருந்தே பார்க்கட்டும். வாட் அருணின் கோபுரப் படிகள் செங்குத்தானவை, இளைஞர்களே இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: சுத்த சைவம். பட்டினிதானா? (வாசகர், ஈரோடு)

பதில்: 'காய்கறி மட்டும்' என்று சொல்லி வாங்கும் சாதத்திலும் மீன் சாறு இருக்கும், 'நாம் ப்லா' என்பார்கள். பப்பாளிச் சாலடில் காய்ந்த இறாலும் சேரும். கடையில் 'கின் ஜே' என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டு வெங்காயமும் இல்லாத உணவு அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் அந்த வகை. மதியத்துக்கு எளிய வழி, வாட் போவிலிருந்து டாக்சியில் சில நிமிடத்தில் பாஹுராட். இந்திய உணவகங்கள் உண்டு, குருத்வாராவும் உண்டு. இரவென்றால் சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் பக்கம்.

கேள்வி: தாய்லாந்து அரசவையில் திருவெம்பாவை ஓதுகிறார்களாமே, அந்த இடத்தைப் பார்க்க முடியுமா? (வாசகர், சிதம்பரம்)

பதில்: உண்மைதான். முதலாம் ராமர் 1784-ல் அமைத்த பிராமணர் கோயிலான தேவஸ்தான், பெரிய ஊஞ்சல் அருகே இருக்கிறது. அரசவைப் பிராமணர்கள் மார்கழி-தை ஒட்டி நடத்தும் 'த்ரியம்பவாய்-த்ரிபவாய்' விழாவில் திருவெம்பாவைப் பாடல்களை ஓதுகிறார்கள். உச்சரிப்பு மிகவும் மாறிவிட்டது, பொருள் தெரிந்து சொல்பவரும் இல்லை; ஏடுகள் கிரந்த வழி எழுத்தில். நம் காதில் விழுந்தால் அடியை அடையாளம் காண்பது கடினம், முன்பே தெரிந்துகொண்டு போங்கள். உயரமான சிவப்பு ஊஞ்சலில் முன்பு ஆடிய சடங்கு 1935-ல் நின்றுபோனது. இப்போதுள்ள தேக்குத் தூண்கள் 2007-ல் நிறுவியவை. ஊஞ்சலை எப்போதும் பார்க்கலாம், தேவஸ்தான் சந்நிதி எல்லா நாளும் திறந்திருக்காது. எம்.ஆர்.டி. சாம் யோட் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

கேள்வி: அயுத்தயாவையும் அதே நாளில் சேர்க்கலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: வேண்டாம். வடக்கே 80 கி.மீ., தனி நாள். முடிந்தால் முதல் நாளே போய்விடுங்கள். 1350 முதல் 1767 வரை தலைநகராக இருந்து பர்மியர் கையில் அழிந்த நகரத்தை மனதில் வைத்துத்தான் பாங்காக்கை எழுப்பினார்கள். இடிபாட்டுச் செங்கல்லையே படகில் கொண்டுவந்தார்கள். அங்கே துறவிகள் தங்காத அரண்மனைக் கோயிலாக இருந்த வாட் ப்ரா சி சன்பேட்டைப் பார்த்தவருக்கு, அரண்மனைக்குள் துறவிகள் இல்லாத கோயில் ஏன் என்று பாங்காக்கில் விளக்க வேண்டியிராது. வாட் மகாதாட்டில் மர வேர்களுக்குள் சிக்கிய புத்தர் தலையைப் படமெடுக்கும்போது மண்டியிடுங்கள். உங்கள் தலை அதைவிட உயரக் கூடாது.

கேள்வி: நினைவாக ஒரு புத்தர் சிலை வாங்கி வரலாமா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: கழுத்தில் அணியும் சிறு தாயத்து சரி. வழிபாட்டுச் சிலைகளை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும், புதிய சிலையானாலும். அனுமதி வாங்கித் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் அந்தத் தாள் கைக்கு வந்தபின் பணம் கொடுங்கள், ஏனெனில் விமான நிலையத்தில் நிறுத்தினால் சிலையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். தலை மட்டும் உள்ள சிலைகளை வீட்டு அலங்காரத்துக்கு வாங்குவதை அங்குள்ள மக்கள் அவமதிப்பாகவே பார்க்கிறார்கள். ராமகியென் முகமூடியின் சின்ன வடிவம் ஒன்று வாங்குங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.